நுனியில் போட்ட இடம்

காலை வெயிலில் மக்காச்சோளப் பூவிலிருந்து பறந்து வந்த ஒரு சின்ன மகரந்தத் துகள், கதிரின் தலையில் நிமிர்ந்து நின்ற பட்டு இழையின் நுனியில் இறங்கப் பார்த்தது. ஓர் இழைக்கு ஒரு மணிதான். இழைக்குள் புகுந்து அடிவரை முதலில் போய்ச் சேர்கிற துகளுக்கே அந்த மணி, மற்றதெல்லாம் காய்ந்துபோகும்.

நுனியில் ஒரு பெரிய துகள் ஏற்கெனவே அகலமாக உட்கார்ந்திருந்தது. “இங்க ஆள் வருது. வேற எடம் பாருங்க.”

“கொஞ்சம் தள்ளிக்கிட்டா நானும் ஒட்டிக்குவேண்ணே.”

“சொந்தக்காரங்க நாலு பேரு வர்றாங்க. அவங்களுக்குத்தான் எடம் போட்டு வெச்சிருக்கேன்.” சொன்னதோடு நிற்காமல் ஒரு தள்ளும் தள்ளியது.

சின்னத் துகள் உருண்டுபோய், அதே இழையில் வெகு கீழே ஒட்டிக்கொண்டது. அண்ணாந்து பார்த்தது, நுனி எட்டாத உயரத்தில் இருந்தது. மனசு விட்டுப்போய்க் குனிந்தால், மணி கிட்டத்திலேயே தெரிந்தது. உடனே இழைக்குள் இறங்கத் தொடங்கியது.

மறுநாள் விடியும்போது அது மணிக்குள் சௌகரியமாகப் படுத்திருந்தது. வேலை முடிந்த இழை மேலே வாடிச் சுருங்கிக்கொண்டிருந்தது. அதன் நுனியிலிருந்து சன்னமாக ஒரு குரல் யாரிடமோ சொல்வது கேட்டது:

“உக்காராதீங்க, ஆள் வருது.”