பெயர் ஓடும் நேரம்

“பேரெல்லாம் எங்கடி போச்சு?” என்றாள் அம்மா.

படத்தைப் போட்டுக் கொடுத்து ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அதற்குள் கட்டை விரலால் இழுத்துக் கடைசிக்குக் கொண்டுபோய்விட்டாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான்கு நாள் வேலை இது. முப்பத்தாறு படம். ப்ளூ-ரே தட்டிலிருந்து எடுத்த பிரதி ஒவ்வொன்றும் முப்பது ஜி.பி. அதை எண்ணூறு எம்.பி.க்குச் சுருக்கினால்தான் அம்மாவின் பழைய போனில் இருக்கும் கார்டுக்குள் அத்தனையும் அடங்கும். லேப்டாப் இஸ்திரிப் பெட்டியாகக் கொதித்தது.

நாளைக் காலை அவளுக்கு முழங்கால் ஆபரேஷன். ஆறு வாரம் படுக்கை.

இருபத்தாறு வருடம் தியேட்டரில் குனிந்து குனிந்து பெருக்கித் தேய்ந்த கால். ஒரு படத்தையாவது முதலிலிருந்து பார்த்திருப்பாளா? துடைப்பத்தோடு கதவுக்கு வெளியே நிற்பாள். கதை முடிந்து பெயர் ஓடத் தொடங்கும். கூட்டம் எழுந்து போகும். அவள் உள்ளே நுழைவாள்.

அவள் தியேட்டரில் ஓடிய படங்களாகப் பார்த்துத்தான் தேடிப் பிடித்தேன். இப்போதாவது முதல் காட்சியிலிருந்து பார்க்கட்டும் என்ற கோபம். எனக்கு எதையும் கோபத்தில்தான் செய்ய வரும். எங்கள் வீட்டின் முதல் பட்டத்தையும் அப்படித்தான் வாங்கினேன்.

அந்தப் பட்டத்திலும் சண்டை. என் பெயரில் ஒரு துணைக்கால் அதிகம். பள்ளியில் டீச்சர் அதை அடித்துத் திருத்தினார். பட்டத்தில் அதை விட்டுவிட்டு அச்சடித்தார்கள். இன்று காலை ஆஸ்பத்திரி கவுண்டரில் உடனிருப்பவராக என் பெயரைக் கொடுத்தபோதும், “ஒரு கால் கூட இருக்கேம்மா” என்றார்கள். மூன்றாவது வரை படித்த அம்மா பிறப்புப் பதிவில் தப்பாக எழுதிக் கொடுத்ததன் வினை.

எத்தனையோ முறை திட்டியிருக்கிறேன். சிரிப்பாள். “எனக்குத்தான் தேயுது. உனக்கு ஒரு கால் கூடவே இருக்கட்டும்.”

இப்போது சிரிக்கவில்லை.

“இடம் பத்தலம்மா. எல்லாப் படத்துலயும் கடைசியை வெட்டிட்டேன். அதை எவ உக்காந்து படிக்கிறா?”

“நான் படிப்பேன்டி. அது ஒண்ணுதான நான் முழுசா பாத்தது.”

சுருக்கென்றது.

“எல்லாத்துலயும் வேணாம். நீ வயித்துல இருந்தப்ப ஓடுச்சே, அந்த மழைப் படம். அதுல மட்டும் போட்டுக் குடு.”

முணுமுணுத்துக்கொண்டே லேப்டாப்பைத் திறந்தேன். வெட்டிய துண்டைத் தனியாகச் சுருக்கி அளவைப் பார்த்தேன். நான்கு நிமிடச் சண்டைக் காட்சி நாற்பது எம்.பி. தின்கிறது. நான்கு நிமிடம் ஓடும் இத்தனை பேரின் பெயர், கறுப்பில் வெள்ளை எழுத்து, ஏழு எம்.பி.

முப்பத்தாறு படத்துக்கும் சேர்த்தால் வெறும் கால் ஜி.பி. கார்டில் அதற்கு இடம் இருந்தது. கம்ப்யூட்டர் படித்தவள் நான். அளந்து பார்க்காமலே வெட்டியிருக்கிறேன்.

ஒட்டிக் கொடுத்தேன். அம்மா தலையணையில் சாய்ந்துகொண்டாள். நடிகர்களை விட்டுவிட்டாள். ஓட்டுநர்களை, சமையல்காரர்களை விட்டுவிட்டாள். படத்தொகுப்பு உதவியாளர்கள் என்று வந்ததும் சட்டென்று நிறுத்தினாள்.

“பாரு. இத்தன ஆம்பளைங்களுக்கு நடுவுல ஒரே ஒரு பொண்ணு. எல்லாரும் எந்திரிச்சுப் போயிட்டாங்க. நான் மட்டும்தான் பாத்தேன்.”

விரல் அந்தப் பெயரை மறைத்தபடி போன் திரை மேலேயே இருந்தது.

“வேகமா ஓடிருது. நாலு ஆட்டம் நின்னு, டிக்கெட்டுக்குப் பின்னாடி எழுத்து எழுத்தா எழுதிக்கிட்டேன். படிச்சவளா இருப்பான்னு தோணுச்சு.”

விரலை எடுத்தாள்.

என் பெயர். அதே அதிகப்படிக் காலோடு.