வெள்ளைச்சிறகன்

"அம்மா ஒரு இனம், அப்பா ஒரு இனம்! இதைப் போய் நம்ம சங்கத்துப் பட்டியல்ல சேர்க்கச் சொல்றியா? நான் உசுரோட இருக்கிறவரைக்கும் நடக்காது!"

மாமனார் ஓங்கி அடித்த அடியில் மேஜைமேல் தம்ளர் துள்ளியது. மருமகள் அசையவில்லை. இருவருக்கும் நடுவே கிடந்தது ஒரு கடற்காகத்தின் படம். வெறும் வானம், விரித்த சிறகு, வேறொன்றுமில்லை.

அவர் ஓய்வுபெற்ற சுங்க அதிகாரி. யார் எதை நீட்டினாலும் கள்ளச்சரக்கு என்றே பார்க்கிற கண். வெள்ளைச்சிறகன் என்ற அபூர்வக் கடற்காகம் இந்தத் துறைமுகத்துக்கு வருகிறது என்று முதன்முதலில் படமெடுத்துக் காட்டியவர் அவர்தான். அந்த ஒரு பறவையை வைத்தே பறவை பார்ப்போர் சங்கத்துக்கு இன்றுவரை அவர்தான் தலைவர்.

மருமகளுக்குத் துறைமுகத்து ஐஸ் கிடங்கில் மேற்பார்வை வேலை. போன மாதம் அவளும் ஒரு வெள்ளைச்சிறகனைப் படமெடுத்து வந்தாள். விருந்தாளிகள் எதிரில் மாமனார் அதை மூக்குக்கண்ணாடிகூடப் போடாமல், "கலப்பு" என்று தூக்கிப் போட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நினைத்தாலே அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

நாளைக்குச் சங்கக் கூட்டம். அவள் பறவை பட்டியலில் உண்டா இல்லையா என்று அங்கே அவர் வாயால்தான் வரவேண்டும்.

"சும்மா கத்தாதீங்க மாமா. எதனால கலப்புன்னு சொல்லுங்க." பூதக்கண்ணாடியை அவர் பக்கம் தள்ளினாள்.

"சொல்றேன், கேட்டுக்கோ! சிறகு நுனியைப் பாரு. அசல்னா பால் மாதிரி இருக்கணும். இதுல சாம்பல் ஊறியிருக்கு. அலகு நுனிக் கறுப்பு வெட்டி வெச்ச மாதிரி நிக்கணும். இதுல மை கொட்டினாப்புல வழிஞ்சு கிடக்கு. குருடனுக்குக்கூடத் தெரியும்!"

துடைக்கிற துணியோடு வந்த மாமியார், கணவரின் நாற்காலிக்குப் பின்னால் தயங்கி நின்றார். சுவரில் ஆணி மட்டும் துருத்திக்கொண்டிருந்தது. ஏதோ கேட்க வாயெடுத்தவர், மருமகளின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டார்.

"நல்லாப் பாத்துட்டீங்களா? சந்தேகமே இல்லையே?" மருமகள் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்.

"என்ன சந்தேகம்? இதை அசல்னு சொன்னவன் எவனா இருந்தாலும் சங்கத்தை விட்டே துரத்தணும்! நாளைக்கு எல்லார் முன்னாடியும் இதையேதான் சொல்லப்போறேன். மானம் போகட்டும் உனக்கு!"

"தாராளமா சொல்லுங்க. அத்தை சாட்சி."

"உன் படத்துக்கு அவ எதுக்குடி சாட்சி?"

மருமகள் எழுந்து கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"என் படம் இந்தப் பையிலதான் இருக்கு. மேஜைமேல கிடக்கிறது நீங்க எடுத்து சுவத்துல மாட்டி வெச்சிருந்தது, மாமா."