மூணு முகாமுக்குப் பத்து கோட்டு

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உக்காருங்க. அங்கே அடுப்புச் சூடு எட்டாது.

தாஷ்-பெல் கணவாயில், எல்லைக் காவல் முகாமில் நான் சமையல்காரனாக இருந்தபோது நடந்தது. எங்களுக்கு மேலே ஒரு முகாம், கீழே ஒரு முகாம். ஒவ்வொன்றிலும் பத்துப் பேர்.

ஆளுக்கொரு ஆட்டுத்தோல் கோட்டு இருக்கணும்னு சட்டம். மூணு முகாமுக்கும் சேர்த்து இருந்தது பத்தே பத்து.

சோதனை எங்கேயோ, கோட்டுங்க குதிரை ஏறி அங்கே போயிடும். அதிகாரி எண்ணுவார், 'சரி'ன்னு எழுதுவார். அவர் அடுத்த முகாமுக்குப் போறதுக்குள்ள கோட்டும் குறுக்கு வழியில் போய்ச் சேர்ந்துடும்.

அதுக்கு முந்தின குளிரில் எங்க முகாம் பையன் எர்மெக்குக்குக் கோட்டில்லாம நெஞ்சில் சளி கட்டி, குதிரையில் கட்டித்தான் கீழே இறக்கினோம். பிழைத்ததே பெரிசு.

அந்த வருஷம் முதல் பனி விழுந்ததும் புது அதிகாரி வந்தாங்க. மேஜர் உல்கான். எங்க கேப்டன் பகாஸ், கோட்டு போட்ட பத்துப் பேரையும் வரிசையா நிறுத்தி வச்சிருந்தார்.

அந்தம்மா அவங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கலை, நேரா என்கிட்ட வந்தாங்க.

"பசிக்குதுப்பா. ஆடு இருக்கா?"

"இருக்கு மேடம்."

"அறுத்துடு. தனியா தின்னா எனக்கு இறங்காது. மேல் முகாம், கீழ் முகாம் எல்லாரையும் கூப்பிடு. காவலுக்கு நாலு நாலு பேர் நிக்கட்டும், மத்தவங்க வரட்டும்."

எர்மெக் என் காதுக்கிட்ட முனகினான். "பாத்தியாண்ணே? முன்னாடி வந்தவன் ஒரு தொடையோட போனான். இது ஊரையே கூட்டித் தின்னும் போலிருக்கு!"

"வாயை மூடிட்டு வெங்காயத்தை நறுக்குடா."

கேப்டன் முகம் மட்டும் சுண்ணாம்பா வெளுத்துப் போச்சு. ஏன்னு எனக்கு அப்போ புரியலை.

மத்தியானம் புரிஞ்சுது. ரெண்டு முகாம் கேப்டனுங்களையும் சேர்த்துப் பன்னிரண்டு பேர் வெடவெடன்னு நடுங்கிட்டே வந்தாங்க. ஒருத்தன் கம்பளியைப் போர்த்தியிருந்தான். ஒருத்தன் குதிரை மேல போடுற விரிப்பையே சுத்தியிருந்தான்.

"உங்க கோட்டெல்லாம் எங்கேப்பா?"

எங்காளுங்க பத்துப் பேரும் போட்டிருந்த கோட்டைக் கழட்டவும் முடியாம, நிக்கவும் முடியாம நெளிஞ்சாங்க.

பகாஸ் முன்னால வந்தார். "தப்பு என்னோடது மேடம். எனக்கு முன்னால இருந்த கேப்டன் 'இல்லை'ன்னுதான் எழுதினார். 'பொருளைக் காப்பாத்தத் தெரியலை'ன்னு அவரையே வேலையிலிருந்து தூக்கிட்டாங்க. அதான் நான்..."

"கீழே கிடங்குல கோட்டு மலையாக் குவிஞ்சிருக்கு. காகிதத்துல நீங்க மூணு கேப்டனும் 'இருக்கு'ன்னு எழுதினா எவன் அனுப்புவான்?" பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினாங்க. "இல்லைன்னு எழுது. இனிமே மூணு முகாமுக்கும் ஒரே நாள்ல சோதனை. இல்லைன்னு எழுதுறவனுக்குத் தண்டனை கிடையாது."

மூணு கேப்டனும் கையெழுத்துப் போட்டாங்க.

மேஜரம்மா வயர்லெஸ்ஸை எடுத்தாங்க. "இருபது கோட்டு. இன்னைக்கே."

கொர கொரன்னு பதில் வந்துது. "லாரியில ஏத்தியாச்சு மேடம், கையெழுத்துக்காகத்தான் நிக்கிறோம். கிளம்புறோம்!"

பசங்க தொப்பியை வானத்துக்கு வீசினாங்க பாருங்க! எர்மெக் என்னையே தூக்கிச் சுத்திட்டான்.

அப்புறம் சாப்பாடு. ஆட்டுத் தலையைப் பங்கு போடுறது பெரிய விருந்தாளியோட வேலை. அதுல காது மட்டும் சின்னப் பிள்ளைங்களுக்கு, சொன்ன பேச்சைக் கேக்கணும்னு கொடுக்கிறது.

மேஜரம்மா கத்தியால காதை அறுத்தாங்க. கண்ணு பகாஸ் மேல இருந்துது.

நரைச்ச தலையைக் குனிஞ்சு, எல்லார் முன்னாலும் ரெண்டு கையையும் நீட்டினார் அந்த மனுஷன்.

"உனக்கில்லப்பா. அந்தப் பழைய கேப்டன் உள்ளதைத்தான் சொன்னார். கேக்காதது நாங்கதானே?"

சொல்லிட்டு, அந்தக் காதைத் தன் வாயில போட்டு நிதானமா மென்னாங்க.