பள்ளத்து வழி

தமயந்தியின் மூளை மடிப்புகளில், பேச்சைக் காத்துவந்த மேட்டுக்குக் கர்வம் அதிகம். "ஏ பள்ளமே, சும்மா கிடக்கிற உனக்கு இவ்வளவு இடம் எதுக்கு?" என்று பக்கத்துப் பள்ளத்தைச் சதா குத்திக்காட்டும்.

ஒருநாள் இரண்டுக்கும் அடியில் ஒரு கட்டி முளைத்தது. மண்டையோட்டைத் திறந்து டாக்டர் கத்தியோடு குனிந்தார்.

மேடு அலறியது. "ஐயோ, என்னை அறுத்தா இவ பேச்சே போயிடுமே!"

"பயப்படாதக்கா, என் வழியா இறங்கட்டும்," என்றது பள்ளம்.

டாக்டரும் மேட்டை அறுக்கவில்லை. பள்ளத்தை மெல்ல விரித்து, அதன் வழியே போய்க் கட்டியை எடுத்தார்.

கண்விழித்த தமயந்தி மகளைக் கூப்பிட்டாள். "நிவேதா, கொஞ்சம் தண்ணி குடும்மா."

அத்தனை வார்த்தைகளையும் வைத்திருந்த மேட்டுக்கு, தனக்கென்று ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. கடைசியில் பள்ளத்திடம் கேட்டது:

"தம்பி, ரொம்ப வலிச்சுதா?"