இப்ஹாம் சொன்னது

"அந்தக் கீப்பர் எதுக்குப் பயப்படுறான் என்டு மட்டும் சொல்லுங்க மகள். மத்ததை எங்கட பொடியன்மார் பாத்துக்குவாங்க."

உதைபந்தாட்டக் கழகத் தலைவர் அத்தாஉல்லா ஹாஜியார் இப்படிக் கேட்டபோது, ஷிஹாராவின் கையிலிருந்த பெட்டிஸ் பாதிதான் கடிபட்டிருந்தது. அதை அப்படியே தட்டில் வைத்தாள்.

மேசையில் கழகத்தின் பச்சை ஜேர்சி ஒன்று விரித்துக் கிடந்தது. முதுகில் அவளுடைய பெயர். பெயருக்கு முன்னால் டொக்டர் என்று வேறு அடித்திருந்தார்கள். நான் டொக்டர் இல்லை, விளையாட்டு உளவியல் படித்தவள் என்று வந்ததும் வராததுமாகச் சொல்லிப் பார்த்தாள். எல்லாம் ஒன்றுதான் என்று ஹாஜியார் சிரித்துவிட்டார்.

பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்றுதான் நம்பி வந்தாள்.

பட்டத்தோடு ஊர் திரும்பிய நாளிலிருந்து புத்தளத்தில் அவள் ஏறி இறங்காத கழகமில்லை, பாடசாலையில்லை. பந்தடிப்பவனுக்குக் கால் சுளுக்குவது போல மனமும் சுளுக்கும் என்று சொன்னால் ஊரே சிரித்தது. ஒரு தாய் தண்ணீர்ப் போத்தலை நீட்டி, ஓதி ஊதித் தரச் சொன்னாள். கடலில் சறுக்கி விளையாட வரும் வெள்ளைக்காரர்களின் ஹோட்டல் ஒன்றில், நன்றாக இங்கிலீஷ் பேசுகிறாளே என்று வரவேற்பு மேசையில் குந்தச் சொன்னார்கள்.

இந்தக் கழகம்தான் முதன்முதலாக, எங்கள் ஆளாக வாருங்கள் என்று கூப்பிட்டது. நிரந்தர வேலை. காலையில் உம்மாவிடம் சொல்லி, உம்மா அழுது முடித்த பிறகுதான் பஸ் ஏறினாள்.

எதற்கு இந்தப் பெட்டிஸும் ஜேர்சியும் என்று இப்போதல்லவா தெரிகிறது!

ஞாயிற்றுக்கிழமை இறுதிப் போட்டி. எதிரணி, ஆலங்குடாப் பொடியன்கள். தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்த முஸ்லிம் சனங்களின் பிள்ளைகள். அவர்களுடைய கீப்பர் இப்ஹாம் சில மாதங்களாக ஷிஹாராவிடம் ஆலோசனைக்கு வந்து போகிறான். அது ஹாஜியாரின் காதுக்கு எட்டியிருக்கிறது. அவ்வளவுதான் சங்கதி.

"அவன் என்னட்டச் சொன்னது என்னோடதான் ஹாஜியார். நாளைக்கு உங்கட பொடியன் வந்து சொன்னாலும் அப்பிடித்தான்."

"அட, ஆரையும் கொல்லவா சொன்னன்? ஒரு சொல்லு. சொன்னா இப்பவே வேலை உங்களுக்கு."

இத்தனை வருடம் கண் முழித்துப் படித்தது, ஒருத்தனுடைய மனசை எந்த இடத்தில் அடித்தால் உடையும் என்று ஆள்காட்டி விடுவதற்கா? நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க வேண்டும் போலிருந்தது. ஜேர்சியை அவர் பக்கமாகத் தள்ளிவிட்டுக் கதிரையை விட்டு எழும்பினாள்.

ஹாஜியாரின் முகம் கறுத்தது. பிறகு அவராகவே சிரித்தார்.

"சொல்லாட்டிப் போங்க. எங்களுக்குத் தெரியாதா என்ன? கோல் கம்பத்துக்குப் பின்னால நூறு பேரை நிப்பாட்டுவன். பந்து வாற நேரமெல்லாம் 'அகதி, அகதி' என்டு கத்தட்டும். எப்பிடிப் புடிக்கிறான் என்டு பாப்பம்."

ஏதோ நினைவு வந்தவராக ஒரு துண்டு ஒட்டுப் போட்டார்: "நீங்க ஒன்டும் நினைக்காதீங்க மகள். உங்களைச் சொல்லல்ல."

இவளைச் சொல்லவில்லையாம்!

ஷிஹாராவும் அதே ஆலங்குடா அகதி முகாமில், ஓலைக் கிடுகுக் கொட்டிலில் பிறந்தவள்தான். அவளும் மன்னாரைக் கண்டதில்லை, இப்ஹாமும் கண்டதில்லை. பிறந்தது இந்த மண்ணில். பேசுவது இதே பாஷை. தொழுவதும் இதே கிப்லாவைப் பார்த்துத்தான். சண்டை ஓய்ந்தே பத்து வருடமாகிவிட்டது, இவர்களுடைய வாய் மட்டும் ஓயவில்லை. கிணற்றடியில் குடத்தோடு வரிசையில் நின்ற நாளில் கேட்ட அதே சொல்லைத் தடியாக்கி, பெற்ற பிள்ளை வயதுள்ள ஒருத்தனை அடிக்கப் போகிறாராம் ஹாஜியார். எதற்கு? ஒரு தகரக் கிண்ணத்துக்கு! த்தூ.

வாசலில் நின்று திரும்பினாள். வாய்வரை வந்துவிட்டது.

ஹாஜியார் காதைத் தீட்டிக்கொண்டு முன்னால் சாய்ந்தார். சொல்லத்தான் போகிறாள் என்று நினைத்துவிட்டார், பாவம்.

சொல்லக்கூடாது. கதவை மூடிக்கொண்டு கேட்டதைக் கோபத்திலும் வெளியே விடக்கூடாது. வேலை போனால் போகட்டும், தொழில் போகக்கூடாது. ஸலாம் மட்டும் சொல்லிவிட்டு வெயிலில் இறங்கினாள்.

உம்மாவுக்கு என்ன சொல்வது என்றுதான் தெரியவில்லை. நடக்க நடக்கக் கோபம் ஏறியதே தவிர இறங்கவில்லை. பஸ் தரிப்பிடத்தில் வந்து நின்ற பிறகுதான், இவ்வளவு கோபத்திலும், அவளுக்குச் சிரிப்பு வந்தது.

இப்ஹாம் எந்தக் குறைக்காக அவளிடம் வந்தானோ அது இன்னும் தீரவில்லை. முதல் நாள் தலையைக் குனிந்துகொண்டு, வெட்கத்தில் பாதி குரலை விழுங்கிக்கொண்டு அவன் சொன்னான்:

"சும்மா நேரத்தில எனக்குக் கை நடுங்குது ராத்தா. ஆராவது பின்னால நின்டு அகதி என்டு கத்தினாத்தான் ஒரு பந்தும் என்னைத் தாண்டாது. அது இல்லாமலும் புடிக்கப் பழக்கித் தாங்க."