அழித்த வரி

"பாருங்கம்மா, அழிச்சாலும் அழியாது. அதான் கிட்" என்று கம்ப்யூட்டர் வகுப்பில் இளஞ்செழியன் சார் பெருமையாகத் திரையைத் தட்டிக் காட்டியபோது, பக்கத்தில் இருந்த நிர்மலா என் தொடையைக் கிள்ளினாள்.

சாதாரணக் கிள்ளல் இல்லை. கத்தியிருப்பேன். அவள் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன்.

திரையில் இருந்தது அவளுடைய பக்கம்.

போன வாரம் ஆளுக்கொரு அறிமுகப் பக்கம் எழுதி இணையத்தில் ஏற்றச் சொல்லியிருந்தார் சார். உலகமே பார்க்கிற மாதிரி ஏற்ற வேண்டும், அப்போதுதான் கம்பெனிக்காரன் கண்ணில் படும் என்றார். முத்தியால்பேட்டையில் ஒரு மருந்துக்கடை மாடியில் உட்கார்ந்துகொண்டு உலகத்துக்குக் காட்ட நம்மிடம் என்ன இருக்கிறது என்று நான் நாலு வரியோடு நிறுத்திவிட்டேன். நிர்மலா எதையும் அரைகுறையாகச் செய்யமாட்டாள். பெயர், படிப்பு, தெரிந்தது, தெரியாதது என்று ஆரம்பித்து, தங்கியிருக்கும் ஹாஸ்டல், வீதி வரைக்கும் எழுதி ஏற்றிவிட்டாள்.

மறுநாளே சுதாரித்து அந்த ஹாஸ்டல் வரியை மட்டும் அழித்தாள். அழித்தாயிற்று, போய்விட்டது என்று நிம்மதியாகத் தூங்கினாள். பக்கத்துக் கட்டிலில் நானும்தான்.

எங்கே போனது? ஒரு புரோகிராமில் எழுதியதையும் அழித்ததையும் தேதி போட்டு எடுத்து வைத்துக்கொள்வதற்குத்தானே கிட் என்று ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். அழித்த வரி சிவப்புப் பட்டையோடு இப்போது சுவர் முழுக்க நின்றது. எங்கள் ஹாஸ்டல். எங்கள் வீதி.

வகுப்பே கை தட்டியது. பாவிகள்.

அவர்களுக்கு என்ன தெரியும்? நிர்மலா சென்னையிலிருந்து கட்டிய புடவையோடு ஓடிவந்தவள் என்பது இங்கே எனக்கு மட்டும்தான் தெரியும். அவள் புருஷன் கலைவாணன் அங்கே பெரிய சாஃப்ட்வேர் கம்பெனியில் இருக்கிறான். பால் வடியும் முகம். அவன் முறுக்கிய இடது மணிக்கட்டு இன்றைக்கும் அவளுக்கு முழுசாக மடங்காது. எங்கே ஒளிந்தாலும் தேடி வந்து கழுத்தை அறுப்பேன் என்று அவள் அம்மாவிடமே போனில் சொல்லியிருக்கிறான். அதனால் பெற்ற தாய்க்குக்கூட அவள் இருக்கும் இடம் தெரியாது.

"அந்தப் பேஜையே மொத்தமா தூக்கிடுங்க சார். இப்பவே" என்று எழுந்து கத்திவிட்டேன்.

சார் கோபப்படவில்லை. நிர்மலாவைப் பார்த்தார், காரணமும் கேட்கவில்லை. மற்றவர்களை டீ குடிக்க அனுப்பிவிட்டு, அவளைத் தன் நாற்காலியில் உட்காரவைத்தார்.

அவள் தன் கிட் கணக்கைத் திறந்தாள். காலேஜில் ஆரம்பித்த கணக்கு. பழைய கணக்கு இருந்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள், அனுபவசாலி மாதிரி தெரியும் என்று சார் சொன்னதைக் கேட்டு அதையே வைத்திருந்தாள்.

பக்கத்தின் மேலே 'ஃபோர்க்' என்று இருந்த இடத்தில் 'ஒன்று' காட்டியது. நம் பக்கத்தை வேறு யாராவது தன் கணக்குக்கு அப்படியே நகல் எடுத்தால் அப்படிக் காட்டும். வகுப்பில் நாங்களே ஒருவர் பக்கத்தை ஒருவர் நகல் எடுத்து விளையாடியிருக்கிறோம். அதனால் எனக்கு முதலில் ஒன்றும் உறைக்கவில்லை.

சார் அதை அழுத்தினார். கலைவாணன் என்று பெயர் வந்தது. கூடவே மாலையும் கழுத்துமாக ஒரு கல்யாணப் படம். பக்கத்தில் நின்றவளைத் தோளோடு வெட்டியிருந்தான்.

"இந்த அக்கவுண்ட்டை அவர் ஃபாலோ பண்றார்க்கா, நான் எது போட்டாலும் அவருக்குத் தகவல் போய்டும். மறந்தே போய்ட்டேன்" என்றாள் நிர்மலா.

இன்னமும் 'அவர்' என்றுதான் சொல்கிறாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் திட்டுகிற நேரமா அது?

சார் அவசர அவசரமாக அவளுடைய பக்கத்தை அழித்தார். அது போய்விட்டது. அவனுடைய நகல் அப்படியே இருந்தது. அதில் கை வைக்க அவனைத் தவிர யாராலும் முடியாது. சொல்லிக்கொடுத்த சாராலும் முடியாது.

எங்கள் ஹாஸ்டலுக்கு வாட்ச்மேன் கிடையாது, கேட் சரியாகச் சாத்தவும் சாத்தாது. இருந்தாலும் அவளுக்குத் தைரியம் சொன்னேன். அவன் சென்னையில்தானே இருக்கிறான்? இப்போதே ஹாஸ்டலுக்குப் போய்த் துணிமணியை எடுத்துக்கொண்டு கிளம்பினால், இருட்டுவதற்குள் நோணாங்குப்பத்தில் என் அத்தை வீட்டுக்குப் போய்விடலாம். அத்தை வீட்டில் ஆம்பளைகள் நாலு பேர் இருக்கிறார்கள், ஒரு பயல் கிட்டே வரமுடியாது. நிர்மலா தலையாட்டினாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தேவிட்டாள்.

சார் மட்டும் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"இரும்மா. இதுல அவன் ஏதோ சேர்த்திருக்கான்" என்றார்.

புதிதாகச் சேர்த்ததெல்லாம் பச்சையில் தெரியும். நிர்மலா அழித்த வரியை அவன் தன் நகலில் திரும்ப எழுதி வைத்திருந்தான். எங்கள் ஹாஸ்டல், எங்கள் வீதி. அதற்குக் கீழே, அவள் எழுதவே எழுதாத ஒரு வரியும் இருந்தது.

'மாடி. படிக்கட்டை ஒட்டிய ரூம். ஜன்னலில் மஞ்சள் துண்டு.'

அந்தத் துண்டு என்னுடையது. இன்று காலை வகுப்புக்குக் கிளம்பும்போதுதான் அதை அங்கே காயப்போட்டேன்.