வராத மூக்கு

இன்றைக்கு எப்படியாவது அந்த மூக்கை எடுத்துவிட வேண்டும் என்ற முடிவோடுதான் சசிரேகா கம்பெனி பஸ்ஸில் ஏறினாள். காதும் நெற்றியும் தாடையும் ஏற்கெனவே அவள் பைக்குள் இருந்தன.

மூக்குக்குச் சொந்தக்காரனான இனியவன், வழக்கம்போல நடைபாதைக்கு அந்தப் பக்கம், ஒரு வரிசை முன்னால் உட்கார்ந்திருந்தான். பஸ் ஒரகடத்தைத் தாண்டுவதற்குள் கண்ணை மூடிவிட்டான்.

"தூங்கிட்டான்டி. ஆரம்பி," என்றாள் பக்கத்து சீட் கவியா.

"மெதுவாப் பேசுடி. கேக்கப் போவுது."

"நைட் ஷிப்ட் முடிச்சவன் காதுல பேண்டு வாத்தியம் வாசிச்சாக்கூடக் கேக்காது. இன்னிக்காவது மூக்கு வருமா?"

"வரணும்."

சசிரேகா பையிலிருந்து வெள்ளை அட்டையை எடுத்தாள். கம்பெனியில் அசெம்பிளி லைனுக்கு வரும் பெட்டிகளில் உதிரி பாகங்கள் உரசிக்கொள்ளாமல் இருக்க நடுவே வைக்கிற அட்டை அது. குப்பைக்குப் போகிறதுதான், ஆனால் பென்சில் நன்றாக ஓடும்.

'உங்களை வரையட்டுமா' என்று ஒருவரிடம் கேட்கிற தைரியம் அவளுக்கு இந்த ஜென்மத்தில் வராது. நைட் ஷிப்ட் பஸ்ஸில் கேட்கவே வேண்டாம் என்பது போன மாதம்தான் அவளுக்கு உறைத்தது. விடிந்து வீடு திரும்புகிற அத்தனை பேரும் தூங்குவார்கள். வாயைப் பிளந்த சாம்சன், டிபன் பையைக் கட்டிக்கொண்டு தூங்கும் முப்பிடாதி அக்கா, இரண்டு பேரையும் வரைந்தாயிற்று.

ஒரே தொல்லை, தலைகள். ஸ்பீடு பிரேக்கர் வந்தால் பஸ் முழுக்கத் தலைகள் ஒரே நேரத்தில் ஆமாம் போடும். கோடு எங்கேயோ போய்விடும். சாம்சனுக்கு இரண்டு மோவாய் முளைத்தது அப்படித்தான்.

இனியவன் தலை மட்டும் ஆமாம் போடாது. எவ்வளவு பெரிய பள்ளத்திலும் வைத்தது வைத்தபடி இருக்கும். பி.எஸ்சி. பிசிக்ஸ் படித்தவளுக்கு அது புதிர், வரைகிறவளுக்கு வரம். வரத்தைப் போய் ஆராய்வானேன் என்று விட்டுவிட்டாள்.

ஒன்றுதான் உறுத்தியது. அவன் இறங்க வேண்டியது பெரும்புதூரில். இந்த வாரம் முழுக்க அதைத் தூக்கத்தில் விட்டுவிட்டு, கடைசி ஸ்டாப்பான மண்ணூர் வரை வந்து, கண்ணைக் கசக்கிக்கொண்டு ஷேர் ஆட்டோவுக்காக நின்றான். அவள் எழுப்பியிருக்கலாம். ஆனால் பெரும்புதூர் தாண்டினால்தான் பஸ் குலுங்காமல் ஓடும். கோடும் ஒழுங்காக விழும்.

"நேத்து டிரைவர் அண்ணன் அவனைக் கேட்டாரு பாத்தியா? 'இன்னா தம்பி, வூட்டை மண்ணூருக்கு மாத்திக்கினியா'ன்னு!" கவியா சிரித்தாள். "திங்கக்கிழமையில இருந்து அவனை டே ஷிப்டுக்கு மாத்திட்டாங்களாம். இன்னிக்கு வுட்டா, மூக்கு போச்சு."

சொல்லிவிட்டு ஒரு கொட்டாவி விட்டாள். கொஞ்ச நேரத்தில் அவள் தலையும் ஆமாம் போட ஆரம்பித்தது.

சசிரேகா வரைந்தாள். கத்தரிக்காய் மாதிரி வந்தது. அழித்தாள். அடுத்தது வெண்டைக்காய். அதையும் அழித்தாள். பிறகு ஒரு கோடு தானாகவே நெற்றியிலிருந்து வழுக்கிக்கொண்டு இறங்கியது. அவனுடைய மூக்கேதான்! நுனி மட்டும் பாக்கி.

அப்போதுதான் மழை பிடித்துக்கொண்டது. ஜன்னல் கண்ணாடியில் சடசடவென்று அடித்தது.

"பெரும்புதூர் எறங்குறவங்கல்லாம் எறங்குங்கபா!" டிரைவர் வெங்கடேசன் குரல் கொடுத்தார். "அப்பால மண்ணூர்ல நின்னுக்கினு முழிக்காதீங்க!"

சிலர் எழுந்து தடுமாறிக்கொண்டு போனார்கள். இனியவன் அசையவில்லை. அவன் மடியில் சாப்பாட்டுப் பை மட்டும் இருந்தது. குடை இல்லை.

பேசாமல் இருந்தால் நுனி கிடைத்துவிடும். நுனி கிடைத்தால் படம் முழுசாகிவிடும். ஆனால் மண்ணூர் ரோட்டோரத்தில் அவன் தொப்பலாக நனைந்துகொண்டு ஆட்டோவுக்குக் கை காட்டுவதும் அவள் கண் முன்னால் வந்தது. காய்ச்சல் வந்தால்? அதில் பாதி அவள் கொடுத்ததாக இருக்கும்.

கவியாவைக் கிள்ளினாள். கவியா "ம்" என்றாள். தூக்கத்தைத் தொடர்ந்தாள்.

கதவு மூடப்போகிற நேரம். சசிரேகா அட்டையை மடியில் கவிழ்த்தாள். 'அண்ணா' என்று கூப்பிட வாய் வரவில்லை. 'சார்' என்றால் கிண்டல் மாதிரி இருக்கும். கையை எட்டி நீட்டி, பென்சிலால் அவன் சீட்டுக் கம்பியைத் தட்டினாள்.

"ஏங்க... பெரும்புதூர் வந்துடுச்சுங்க. எறங்கலையா?"

இனியவன் திடுக்கிடவில்லை. தலையைத் திருப்பவில்லை. கண்ணைக்கூடத் திறக்கவில்லை. உதடு மட்டும் மெல்ல அசைந்தது.

"மூக்கு முடிஞ்சுதாங்க?"